நான்கு பின்னல் அகலம்

எடுத்துக்கோக்கா, அதுக்கென்ன... அதுக்கென்னவாம் அதுக்கென்ன, நறுக்கினது யார், அடுக்கினது யார், கழுத்து நரம்பு இழுத்துக்கொள்ளும்வரை குனிந்து தைத்தது யார், தூக்கிக் கொடுக்க மட்டும் இவர் வாய் முந்திக்கொண்டு வருகிறது என்று அவள் நினைத்தபோது கால் தானாகவே மிதியை அழுத்திவிட்டது, மெஷின் தடதடவென்று ஓடி, துணிப்பட்டையின் முனையைத் தாண்டி, ஒன்றுமில்லாத இடத்தில் நாலைந்து தையல் போட்டுவிட்டு நின்றது. காற்றைத் தைத்திருக்கிறது. அதைச் சொல்லிக் குற்றமில்லை, மிதித்தால் ஓடுவதுதான் அதன் வேலை. இந்த வீட்டில் அப்படி ஓடுவது இன்னொன்றும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போல. அவள் நூலைக் கடித்து அறுத்தாள். கத்தரி கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஆனாலும் பல்லுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

நிதானம், நிதானம். இது அவசரத்தில் நடக்கிற வேலை இல்லை. தலைமுடியில் பிரெஞ்சுப் பின்னல் போடும்போது ஒவ்வொரு திருப்பத்துக்கும் பக்கத்து முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே இறங்குவோமே, அதேதான், முடிக்குப் பதில் துணி. முதலில் ஒரு முக்கோணம், அதன் இடது தோளில் ஒரு பட்டை, அப்புறம் வலது தோளில் ஒரு பட்டை, அந்த வலது பட்டை முக்கோணத்தோடு சேர்த்து இடது பட்டையின் முனையையும் பிடித்துக்கொள்ளும், அடுத்து வரும் இடது பட்டை இந்த வலதின் முனையைப் பிடிக்கும், இப்படி ஒன்று மாற்றி ஒன்று, எதுவும் தனியாகத் தொங்காது, தள்ளி நின்று பார்த்தால் அசல் ஜடை. வலது பட்டைகளின் உள்முனையில் மட்டும் முன்கூட்டியே ஒரு குட்டி மஞ்சள் சதுரத்தைத் தைத்து வைத்துக்கொண்டால் ஜடையின் நடுவே பொத்தான் வைத்த மாதிரி மஞ்சள் கட்டங்கள் ஒரே கோட்டில் வந்து விழும், முதல் தடவை அப்படி விழுந்தபோது அவள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். நிறமும் கண்டபடி போகக் கூடாது. கருநீலத்தில் தொடங்கி, மங்கிய நீலம், வான நீலம், சாம்பல், வெள்ளை, மறுபடி அதே வழியில் திரும்பிக் கருநீலம். வரிசையை மட்டும் காப்பாற்றினால் போதும், அழகு தானாக வந்துவிடும். இப்படி நான்கு பின்னல், இடையிடையே மூன்று வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான் போர்வை. மூன்று பின்னல் முடிந்து அலமாரிக் கதவில் தொங்குகின்றன. நான்காவது மடியில் இருக்கிறது. அந்த மூன்றைப் பார்த்துத்தானே அண்ணி...

அண்ணியைச் சொல்லி என்ன, பாவம், அவருடைய அக்கா, ஞாயிற்றுக்கிழமை வந்தவள் கைப்பையை வைக்க இந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தாள், கதவைப் பார்த்தாள், “அடேயப்பா, அலமாரிக்கு ஜடை பின்னி விட்டிருக்கியா?” என்று சிரித்தாள், கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தாள், தையலைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். திருப்பிப் பார்க்கிறவளுக்குத்தான் வேலை தெரியும். அந்த நிமிடம் நாத்தனாரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உடனே பின்னாலிருந்து இவர். “பிடிச்சிருக்கா? எடுத்துக்கோக்கா, அதுக்கென்ன, அவ இன்னொண்ணு போட்டுக்குவா.” போட்டுக்குவாளாம். கோழி முட்டை போடுகிற மாதிரி. மருந்துக்கடைக்காரர், கேட்டவருக்கெல்லாம் எடுத்து நீட்டியே கை பழகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், கடையில் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரையைத் தருவாரா? சீட்டு எங்கே, டாக்டர் கையெழுத்து எங்கே என்று எத்தனை கேள்வி. இங்கே ஒரு கேள்வி இல்லை. தரலாமா என்று இவள் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. நாத்தனார் “அய்யய்யோ, வேணாம்டா” என்றதற்கும், “சும்மா எடுத்துக்கோ” என்று மறுபடி. இவள் என்ன செய்தாள்? சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

தர முடியாது, அது எனக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வருமே, உனக்கா, உனக்குன்னா எங்க போடப் போற, பெரிய கட்டிலுக்கு இது பத்தாதே... பத்தாதுதான். பெரிய கட்டிலுக்காக அளவெடுத்திருந்தால்தானே பத்தும். இது இந்த அறையின் கட்டிலுக்கு, மகள் வேலைக்குப் போய் வேறு ஊரில் வீடெடுத்த பிறகு காலியாகக் கிடக்கிற ஒற்றைக் கட்டிலுக்கு. நான்கு பின்னல் வைத்தால் இரண்டு பக்கமும் சாண் அளவு தொங்கும். அவள் இந்த அறைக்குப் படுக்க வந்துவிடப் போகிறாள், அவ்வளவுதான் விஷயம், போர்வை முடிகிற அன்றைக்கு. சண்டை எதுவும் கிடையாது. சண்டை என்றால் யாரிடமாவது சொல்லலாம். கல்யாணமான நாளிலிருந்து சுவர்ப் பக்கம் அவளுக்கு, எழுந்து போக வேண்டுமென்றால் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும், ஜன்னலைத் திறந்தால் அவருக்குத் தும்மல், சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டல், ஆகவே சாத்தியே இருக்கும், விளக்கு அவர் படித்து முடித்தால் அணையும், போர்வை அவர் புரளும் பக்கம் போகும். இதையெல்லாம் ஒரு குறையென்று எடுத்துச் சொன்னால் கேட்கிறவர் சிரிப்பார்கள். இதுக்கா? என்பார்கள். இதுக்குத்தான். இந்த அறையில் ஜன்னல் கட்டிலின் தலைமாட்டிலேயே இருக்கிறது, தாழ்ப்பாள் படுத்தபடியே கைக்கு எட்டுகிறது. ஆனால் வெறும் மெத்தையில் வந்து படுத்தால் கோபித்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கும், இவளே தைத்த போர்வை விரித்திருந்தால், இது எப்போதும் இவள் படுக்கைதான் என்பது போல...

ஐயோ. பட்டையை விரித்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வான நீலத்துக்கு மேல் வான நீலம், இரண்டும் இடது பக்கத்திலேயே. வலது பட்டை ஒன்று விட்டுப் போயிருக்கிறது, அதற்குப் பிறகு மேலும் ஆறு பட்டை தைத்தாகிவிட்டது, ஜடை அந்த இடத்திலிருந்து நொண்டிக்கொண்டு போகிறது, மஞ்சள் சதுரம் ஒன்று கோட்டை விட்டு விலகி வழி தவறியது போல முழிக்கிறது. இந்தத் தப்பு நடுவில் நடந்தால் நடுவில் மட்டும் சரிசெய்ய முடியாது. எல்லாம் ஒன்றின் முனையை ஒன்று பிடித்திருக்கிறதே, கடைசியாகத் தைத்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே தப்பு வரைக்கும் பின்னால் போக வேண்டும். அவள் பிரிக்கிற ஊசியை எடுத்தாள். நூலுக்கு அடியில் நுழை, தூக்கு, அறு. நூலுக்கு அடியில் நுழை, தூக்கு, அறு. அதுக்கென்ன. நுழை. இன்னொண்ணு போட்டுக்குவா. தூக்கு. சும்மா எடுத்துக்கோ. அறு.

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

வாசற்படியில் அவர். மத்தியானம் கடை அடைத்துவிட்டு வந்திருக்கும் நேரம், சட்டையில் மருந்து வாசனை. இந்த அறைக்குள் காலை வைக்க மாட்டார், நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், உள்ளே ஏதோ ஈரம் காயாத மாதிரி.

“ஏன்?”

“இல்ல, அக்கா சனிக்கிழமை இந்தப் பக்கம் வர்றா. முடிஞ்சிருமான்னு கேட்டேன்.”

“முடிஞ்சா முடியும்.”

“பிரிக்கிற மாதிரி இருக்கு?”

“தைக்கத் தெரிஞ்சவங்கதான் பிரிக்க முடியும்.”

அவர் ஏதோ சொல்ல வந்தது போல நிலையில் விரலால் தட்டினார், அப்புறம் போய்விட்டார், கூடத்தில் டிவி சத்தம் கேட்டது. சனிக்கிழமையாம். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் கேட்கிற மாதிரி, டெலிவரி எப்போ என்று. அவள் ஆறு பட்டையையும் பிரித்து, விட்டுப்போன வலது பட்டையைத் தைத்து, பிரித்ததையெல்லாம் மறுபடி தைத்து, கடைசிக் கருநீலம் வரை ஒரே மூச்சில் முடித்தாள், கோபத்திலும் கைக்கு வேலை ஓடுகிறதே என்று அதன் மேலும் ஒரு கோபம். இனி இஸ்திரி. சட்டைக்குப் போடுகிற மாதிரி பெட்டியை இழுத்துத் தேய்க்கக் கூடாது, வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், தள்ளி வைக்க வேண்டும். தேய்த்தால் துணி நீண்டுவிடும், பின்னல் பாம்பு போல நெளியும். இதை மகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், வை, எடு, வை, எடு. சொன்னவள் இப்போது பெட்டியைப் பிடித்து ஒரே இழுப்பு. வெள்ளைப் பகுதியில் துணி லேசாக உப்பிக்கொண்டது. போச்சு. நாத்தனாருக்குத் தானே, நெளியட்டும் என்று ஒரு நொடி தோன்றியது, அடுத்த நொடியே கை ஈரத்துணியைத் தேடிப் போய், உப்பிய இடத்தில் விரித்து, பெட்டியை மெல்ல வைத்து, அசையாமல் பிடித்து, துணியைக் கெஞ்சிக் கெஞ்சி உள்ளே வாங்கியது. நெளிய விடுவதா, நான் ஏன் விட வேண்டும், இது எனக்கு, எனக்கு, எனக்கு.

அப்போதுதான் போன் அடித்தது. நாத்தனார். சாப்பிட்டியாம்மா என்று அந்தக் குரல் தொடங்கியதும் இவளுக்கு வாய் பாட்டுக்குத் திறந்துகொண்டது.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் போர்வையை நான் தர முடியாது. அது எனக்குத் தைக்கிறது.”

சொல்லிவிட்டாள். காது சுட்டது. அந்தப் பக்கம் பெரிய பெருமூச்சு. “அப்பாடா! நீயே சொல்லிட்ட. இதைச் சொல்லத்தாம்மா நானே கூப்பிட்டேன். எனக்கு எதுக்கு அது? எங்க கட்டிலுக்குப் பத்தவே பத்தாதாம், நாலு பின்னல்தான் வருமாம், ஒத்தக் கட்டில் அளவுதானாம், அவனேதான் சொல்றான். அப்ப எனக்கு எதுக்குடான்னா, சோபாவுல போட்டுக்கோ, சுவத்துல மாட்டிக்கோ, எதையாவது பண்ணிக்கோ, ஆனா எடுத்துட்டுப் போங்கிறான். நேத்து மறுபடியும் போன். என்னடா இவ்வளவு அவசரம்னு கேட்டா மென்னு முழுங்குறான். ஏம்மா, அவனுக்கு என்னதான் ஆச்சு?”

“ஒண்ணுமில்ல அண்ணி” என்றாள் இவள். வேறு என்னவோ பேசினார்கள், சனிக்கிழமை வெறுங்கையோடு வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்று நாத்தனார் சொன்னதுகூடக் காதில் விழுந்தது, போனை வைத்தது எப்போது என்று தெரியவில்லை.

நாலு பின்னல். ஞாயிற்றுக்கிழமை கதவில் தொங்கியது மூன்று. நான்கு என்று இவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்போது... போன வாரம், அளவு பார்க்கிறதற்காக மூன்றையும் கட்டிலில் விரித்து, சுவரோரம் நான்காவதுக்கு இடம் விட்டு, தலையணையைக்கூட வைத்துப் பார்த்து, அப்படியே போட்டுவிட்டுக் குளிக்கப் போனாளே, அப்போதா? அறைக்குள் காலை வைக்காதவர் அப்போது வந்து நின்று பார்த்திருக்கிறார். மெத்தை தெரிகிற அந்த ஒரு பின்னல் இடத்தைப் பார்த்திருக்கிறார், தலையணை ஒன்றுதான் என்பதையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல வந்து படுத்திருக்கிறார், அதே பக்கம், அதே சாத்திய ஜன்னல், இவள் எழுந்து அவர் காலைத் தாண்டிப் போனபோது விழித்தேதான் இருந்தாரோ என்னவோ. போகாதே என்று ஒரு வார்த்தை. அக்காவுக்குப் போன் மேல் போன் போடத் தெரிகிறது, பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, போர்வையை வீட்டை விட்டு அனுப்பிவிட்டால் ஆளும் நின்றுவிடுவாள் என்று நினைத்தாராக்கும், என்ன புத்தி இது, மனுஷனா இவர்... சரி, நீ சொன்னாயா? போகிறேன் என்று நீ வாயைத் திறந்தாயா? கேள்வி எங்கிருந்தோ வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது, அவள் அதையும் கோபமாகவே பார்த்தாள்.

இந்தப் பின்னலில் இனி மிச்சம் ஒரே வேலை. பின்னலின் இரண்டு ஓரமும் ரம்பப் பல் போல நீட்டிக்கொண்டிருக்கும், நடுவிலிருக்கிற மஞ்சள் சதுரங்களின் முனைகளிலிருந்து அளந்து ஸ்கேலை வைத்து, நேராக ஒரே வெட்டு, அந்தப் பக்கம் ஒரே வெட்டு. அவள் ஸ்கேலை வைத்தாள். அழுத்திப் பிடித்தாள். துணி வெட்டும் சக்கரக் கத்தியின் மூடியை நீக்கினாள். கத்தி அங்கேயே நின்றது. கூடத்தில் டிவி சத்தம் நின்று எவ்வளவு நேரமாகிறது?

“ஏங்க” என்றாள்.

கூப்பிட்டது தன் குரல்தானா என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் “என்ன?” என்று பதில் வந்தது, கூடத்திலிருந்து அல்ல, கதவுக்கு வெளியே ஒரு கை தூரத்திலிருந்து. அவர் நிழல் படியில் விழுந்திருந்தது, உள்ளே வரவில்லை. மத்தியானத்திலிருந்து அவள் ஒவ்வொன்றாகக் கூர் தீட்டி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் நாக்கின் நுனியில் தயாராகத்தான் இருந்தன, நறுக்கினது யார், அடுக்கினது யார், யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க... ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாமே போர்வையைப் பற்றியவை. கட்டிலைப் பற்றி அவளிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை.