இரண்டு மிளகாய், நான்கு மிளகாய்

மழை நின்றதும் நனைந்த ஆடுகள் இரண்டே நாளில் காய்ந்துவிட்டன. பாதை காயவில்லை. கரிசல் மண், லாரியை அச்சுவரை விழுங்கிவிடும். அதனால் ரோமம் கத்தரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, சமையல் சாமான் மட்டும் வந்து சேரவில்லை. ஒன்பது ஆண்களுக்குச் சமைத்துப் போடுவது நான்.

கறிக்குப் பஞ்சமில்லை, பண்ணையே ஆடு கொடுக்கும். மாவு இருந்தது, ரொட்டி நானே சுட்டேன். தகராறெல்லாம் ஸ்மோக்கோவில்தான். காலை ஒன்பதரைக்குக் கத்தரிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் தேநீருக்கு உட்காருவார்கள், அதுதான் ஸ்மோக்கோ. அப்போது சாண்ட்விச் வேண்டும். ஹாம் தீர்ந்தது, சீஸ் தீர்ந்தது. நான்கு நாளாக ஜாம். காலையிலும் ஆடு, மதியமும் ஆடு, ராத்திரியும் ஆடு தின்கிறவன் ஸ்மோக்கோவிலும் ஆட்டைப் பார்த்தால் தட்டைத் தூக்கி எறிவான்.

"கிளெனிஸ், என் பல்லு ஜாமுக்கே பொறந்ததா?" என்று டக்கி கேட்டான். அவன் கேட்டது எனக்குக் கவலையில்லை. அவன் எதற்கும் குறை சொல்வான். மற்றவர்கள் ரொட்டியைப் பாதியில் வைத்தார்களே, அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் வேலையில் சமையல்காரியை முதலாளி வெளியேற்றுவதில்லை. ஆட்களே கை தூக்கி வெளியேற்றுவார்கள். ஆட்களுக்காகப் பேச ஒருவன் இருப்பான், ரெப் என்போம். அவன் கூப்பிட்டால்தான் ஓட்டு. இந்தக் கும்பலுக்கு ரெப் லெக்ஸ். கிறிஸ்துமஸ்வரை போய்க் கத்தரிக்க இன்னும் ஏழு பண்ணைக் கொட்டகைகள் இருந்தன. அந்தந்தப் பண்ணையில் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் என் வீடு, ஊரில் வாடகைக்கு இருந்ததை மார்ச்சிலேயே விட்டுவிட்டேன். ஓட்டில் தோற்ற சமையல்காரியை அந்தப் பருவத்தில் வேறு கும்பல் எடுக்காது.

புதன்கிழமை வேலை முடிந்து லெக்ஸ் சமையலறைக்கு வந்தான். பதினோரு வருடப் பழக்கம். ஒருமுறை அவன் முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் கிடந்தபோது இரண்டு வாரம் அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டவள் நான்.

"ஓட்டு ஓட்டுன்னு பேசிக்கறானுங்க கிளென்," என்றான்.

"எத்தனை பேர்?"

"நாலு இருக்கும். நாளைக்கு ஸ்மோக்கோவுல நாக்குல சுர்ருன்னு ஏறற மாதிரி எதையாவது போடு. மத்ததை நான் பாத்துக்கறேன். என் கை உனக்குத்தான்."

அலமாரியில் மிஞ்சியது ஒரு வாளி பீனட் பட்டர், வெங்காயம், வினிகர், பாதி டப்பா கறிப்பொடி. பண்ணை வீட்டு வாசலில் ஒரு மிளகாய்ச் செடி காய்த்துத் தொங்கியது, கேட்டுப் பறித்து வந்திருந்தேன். வெங்காயத்தைத் தாள் மாதிரி அரிந்து வினிகரில் போட்டேன். மாதிரிக்கு ஒரு கிண்ணம் பீனட் பட்டரில் வெந்நீர் விட்டு இளக்கி, கறிப்பொடியும் உப்பும் சேர்த்து, இரண்டு மிளகாயைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பிசைந்தேன். ரொட்டியில் தடித்துப் பூசி, வெங்காயத்தைப் பிழிந்து பரப்பி, மேல் ரொட்டியை அழுத்தி, ஆட்டுக்கொழுப்பில் இரண்டு பக்கமும் பொரித்தேன். கடலை வாசனையும் கொழுப்பு வாசனையும் சேர்ந்து சமையலறையே வேறு இடமாகிவிட்டது.

லெக்ஸ் நின்றபடியே ஒன்றைத் தின்றான். விரலை நக்கினான்.

"என்ன இது, சப்புன்னு?"

"ரெண்டு மிளகாய் போட்டிருக்கேன்."

"ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நாலு போடு. இவனுங்களைத் தெரியாதா உனக்கு? கண்ணுல தண்ணி வந்தாத்தான் நல்லாருக்கும்பானுங்க."

எனக்கு இரண்டே போதும் என்று தோன்றியது. ஆனால் அவர்களோடு உட்கார்ந்து தின்கிறவன் அவன். காலையில் கிண்ணத்துக்கு நான்கு போட்டேன்.

மறுநாள் ஸ்மோக்கோவில் முதல் கடியிலேயே டக்கி குவளைத் தேநீரைக் கீழே கொட்டிவிட்டான். "இது சாண்ட்விச்சா, ஆட்டுக்குப் போடற சூட்டுக்கோலா?" சிரித்தார்கள். முகமெல்லாம் சிவந்து வியர்த்தது. ஆனாலும் தின்றார்கள். கம்பளியை அமுக்கிக் கட்டும் டாமாட்டி, நியூசிலாந்துக்காரன், மூன்று எடுத்தான். "கிளென், என் மூக்கு பத்து வருஷமா அடைச்சிருந்துச்சு, இப்பத்தான் திறந்துச்சு," என்றான். தட்டில் ஒரு துணுக்கு மிஞ்சவில்லை. லெக்ஸ் இரண்டு தின்றான், என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மதியம் சாப்பாட்டு மேசையில், நான் உருளைக்கிழங்கை வைக்கும்போது லெக்ஸ் கரண்டியால் குவளையைத் தட்டி எழுந்தான்.

"சமையல் விஷயம். நாலு நாளா ஜாம், பொறுத்துக்கிட்டோம். இன்னிக்கு மிளகாய். நாள் பூரா குனிஞ்சு நிக்கறவன் வயித்துல நெருப்பை வெச்சுட்டு எப்படிக் குனிவான்? ரெண்டு பேரு கக்கூசுக்கு ஓடி ஆளுக்கு அஞ்சாறு ஆட்டுக் கூலியை விட்டிருக்கானுங்க."

"நேத்து நீ சமையலறையில நின்னு தின்னே லெக்ஸ். நாலு போடுன்னு நீதான் சொன்னே."

"நல்லாருக்குன்னேன். சமையல்காரி நீயா, நானா?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வேற ஆள் வேணும்கறவன் கையைத் தூக்கு."

டக்கி தூக்கினான். வயிறு கலங்கிய இருவர் தூக்கினார்கள். இன்னொருவன் அவர்களைப் பார்த்துத் தூக்கினான். நான்கு. ஒன்பது பேரில் நான்கு போதாது. நான் உருளைக்கிழங்குச் சட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு லெக்ஸ் தன் கையைத் தூக்கினான். சட்டைக் கையைச் சரிசெய்கிறவன் மாதிரி மெதுவாகத் தூக்கினான்.

"அஞ்சு. பாதை திறக்கறவரைக்கும் கிளென் சமைப்பா. அது வழக்கம்," என்று உட்கார்ந்தான். "கிரேவியைத் தள்ளு."

நான் தள்ளினேன்.

ஐந்தரைக்கு மறுபடியும் வந்து சமையலறை வாசற்படியில் நின்றான். தொப்பியைக் கழற்றியிருந்தான்.

"கோவப்படாதே. பிழைப்புதானே. மார்லீனுக்கு வேலை போயிடுச்சு. ஊர்ல உக்காந்திருக்கா, பாதை திறந்ததும் வந்துடுவா."

மார்லீன் அவன் மனைவி.

"எப்ப சொன்னே அவகிட்ட?"

"திங்கக்கிழமை."

என் கை உனக்குத்தான் என்று அவன் சொன்னது புதன்கிழமை.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் போகவில்லை.

"அந்தச் சாண்ட்விச்சு... கறிப்பொடி எவ்வளவு போட்டே? ரெண்டு மிளகாய்ல சரியா இருந்துச்சே, அது. மார்லீனுக்குச் சொல்லணும். பசங்களுக்குப் பிடிச்சிருக்கு."

கத்தியைக் கீழே வைத்தேன். அவனைத் தாண்டிச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். மற்ற எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"லெக்ஸ் அந்தச் சாண்ட்விச் செய்முறை கேக்கறான்," என்றேன். "அவன் பொண்டாட்டிக்கு. அவதான் உங்க புது சமையல்காரி. நாலு மிளகாய் போடச் சொன்னதும் அவன்தான்."

யாராவது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். டக்கி உப்பு டப்பாவைத் திருகினான். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். யாரும் திடுக்கிடவில்லை.

"டாமாட்டி, உனக்கும் தெரியுமா?"

அவன் கழுத்தைத் தடவினான். "மார்லீன் வர்றான்னு தெரியும். மிளகாய் விஷயம் தெரியாது. நான் உனக்கு எதிராத் தூக்கலையே கிளென்."

"சொல்லவும் இல்லையே."

லெக்ஸ் எனக்குப் பின்னால் வந்து, சுவரோரமாக நடந்து, தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். அவன் உட்கார இடம்விட்டு இருவர் நகர்ந்துகொண்டார்கள்.

டக்கிதான் கேட்டான். "நாளைக்குக் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு," என்றேன். "லேட்டா வந்தா ஆறிப்போயிருக்கும்."