ஒப்துலியாவின் பாத்தி

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒப்துலியா காயலுக்கு வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் கழற்றிய செருப்பு, தோளில் சாப்பாட்டுப் பை. நான் அவளுடைய கோரைப் பாத்தியில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன்.

எங்கள் பக்கம் ஒருத்திக்கு முடியாமல் போனால், அடுத்த பாத்திக்காரி அவளுக்கும் சேர்த்துக் கோரை அறுப்பது வழக்கம். ஒப்துலியா கை முறிந்து உவாச்சோ நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். என் பாத்தியைச் சனிக்கிழமை அறுத்தேன், தண்ணீருக்கு மேல் ஒரு சாண் விட்டு. அந்த அடித்தாள் வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் கிழங்கு மூச்சு விடுகிறது. இது எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவளுடையதைத் திங்களன்று அறுத்தேன். நீளக் கோரைக்குத்தான் பாய் முடைபவர்களிடம் மதிப்பு. அவளுக்கு நல்ல கட்டாகக் கிடைக்கட்டும் என்று நீர்மட்டத்தை ஒட்டி அறுத்துவிட்டேன். செவ்வாயன்று கடல் மணல்திட்டைத் தாண்டி உள்ளே வந்தது. நான்கு விரல் தண்ணீர் ஏறியது.

என் பாத்தியில் தாள்கள் வெளியே தெரிந்தன. அவளுடையது வெறும் குளமாகக் கிடந்தது. அவளுக்கு வேறு பாத்தி கிடையாது. என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். மூன்றிலும் கடல்தான் குற்றவாளி.

"என்னடி ரொசௌரா, மீனுக்கு நீச்சல் கத்துக்குடுக்கிறியா?"

"ஒட்ட அறுத்துட்டேன்க்கா."

அவள் என் பாத்தியைப் பார்த்தாள். பிறகு தன்னுடையதை.

"கடல் மேல பழியப் போட்டிருக்கலாமே."

"என்னுது பக்கத்துலயே நிக்குதே."

"அதான பாத்தேன். இல்லன்னா போட்டிருப்ப."

அது உண்மைதான்.

"முங்கி எத்தன நாளு?"

"இன்னியோட மூணு."

"கிழங்கு ஒரு வாரம் தாங்கும்னு என் மாமியா சொல்லுவா. அவ சொன்னதுல எது சரியா இருந்திருக்கு?" செருப்பைக் கரையில் எறிந்தாள். "கடல் வத்துறது எப்போ?"

"பன்னெண்டுக்கு."

"அப்ப மண்வெட்டிய எடு. திட்ட வெட்டித் தண்ணிய கடலுக்கு விடுவோம்."

நான் வெட்டினேன். அவள் பையிலிருந்த கிண்ணத்தை எடுத்து, வறுத்த சோளத்தைத் துணியில் கொட்டிவிட்டு, அந்தக் கிண்ணத்தாலேயே இடது கையால் மணலை அள்ளி எறிந்தாள். பாதி என் மேல் விழுந்தது. வேண்டுமென்றே எறிந்தாளா என்று கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்குக் காயல் தண்ணீர் ஒரு விரல் அகலத்தில் கடலை நோக்கிப் புறப்பட்டது. நாங்கள் வெட்டிய வாய்க்காலில் பாதி தூரம் வந்து மணலில் சுவறிப் போயிற்று. இருவரும் குனிந்தபடியே நின்றோம். மறுபடி வந்தது, முன்பு நின்ற இடத்தைவிட ஓரடி கூடுதலாகக் கடல் பக்கம்.