காலி ஓட்டத்தின் எடை

ஒரகடம் எடைமேடையில் இசக்கியப்பன் அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தான். மரம் ஏற்றிய லாரி இறங்கிப் போன பிறகும் திரையில் எண் நிற்பதைக் கண்டு, மேடையைப் பார்த்துக்கொள்ளும் ஷாரோன் சன்னல் வழியே தலையை நீட்டினாள். "இன்னாண்ணா, வண்டி பூடுச்சி, இன்னும் அறுநூறு நிக்கிது?" அவன் இறங்கினான், எண் சைபரானது. ஏறினான், பழையபடி. முப்பத்தாறு வயது, ஒல்லியான ஆள். வண்டி எண் என்ற இடத்தை வெறுமையாக விட்டு அவள் ரசீது அடித்துக் கொடுத்தாள்.

மூன்று கம்பெனிகள் சேர்ந்து லாரி ஓட்டச் சம்மதித்த வைகாசியில் இது தொடங்கியது. செய்யாறு, மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கங்களில் தைலமரம் வளர்க்கும் கம்பெனிகள். ஒரகடத்தில் பெட்டி அடிக்கும் பட்டறைகளுக்கும் வாலாஜாபாத் மரவாடிகளுக்கும் தனித்தனியே மரம் அனுப்பிவிட்டு, காலி வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒருவர் மரத்தை இறக்கிய லாரியே அடுத்தவர் மரத்தை ஏற்றலாமே என்று சொன்னவன் இசக்கியப்பன். சாத்தான்குளத்துக்காரன், மூவருக்கும் பொதுவாக வண்டி பார்க்க அமர்த்தப்பட்டவன். செலவைப் பிரிப்பதில் சண்டை வந்தது. பெரிய கம்பெனி தலைக்கு மூன்றில் ஒன்று என்றது, சின்னது டன் கணக்கு என்றது, தூரத்தில் இருந்தது தூரத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்றது. தனியாக ஓட்டினால் யாருக்கு எவ்வளவு ஆகும், சேர்ந்ததால் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்து, மிச்சத்துக்கு ஏற்ற பங்கு என்று அவன் முடித்துவைத்தான். ஒன்று மட்டும் நின்றது: ஒருவர் சரக்கை இறக்கிவிட்டு அடுத்தவர் தோப்புக்கு லாரி காலியாக ஓடும் பதினெட்டு கிலோமீட்டர். இறக்கியவர் தன் வேலை முடிந்தது என்றார், ஏற்றுகிறவர் தன் வேலை இன்னும் தொடங்கவில்லை என்றார். பேச்சு முறிந்து எல்லோரும் எழுந்தார்கள். முறிந்தால் அவன் வேலையும் போகும். "அதை எம்பேர்ல எளுதிக்கிடுங்க" என்றான். சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றே நினைத்தான். யாரும் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் எடை ஏறியது.

முதலில் சுங்குவார்சத்திரம் லாட்ஜில் கட்டில் உடைந்தது. கம்பெனி பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்ததால் டிரைவர் வருத்தத்தோடு இறக்கிவிட்டார். ஒரகடத்திலேயே தரைத்தளத்தில் ஓர் அறை பிடித்து, மழைநாட்களில் கணுக்கால்வரை மண்ணில் புதைந்து நடந்தான். டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பெரிய கம்பெனி மேனேஜர் காசிராஜன் ஆப்பிளோடு வந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதே என்று வருந்திவிட்டுப் போனார். லாரிகள் ஒரு நாளும் தவறாமல் ஓடின. தீபாவளிக்கு ஊருக்குப் போக ஏறிய பஸ்ஸின் டயர் செங்கல்பட்டில் வெடித்தது. இறங்கி நடந்தே திரும்பினான். பிறகு இரண்டு தீபாவளி, இரண்டு பொங்கல் போயின. மனைவி செல்லக்கனியிடம் போனில் வேலை அதிகம் என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் எடைமேடையில் போய் ஏறி நிற்பான். ஷாரோன் எண்ணைச் சத்தமாகப் படிப்பாள். அந்த வாரத்தில் அவனைப் பற்றி ஒருவர் வாய் திறந்து சொன்னது அது ஒன்றாகவே இருக்கும்.

மூன்றாம் வருடம் தையில் செல்லக்கனி சொல்லாமல் வந்து இறங்கினாள். வேறு பெண் இருக்கிறாள் என்று நினைத்து வந்தவள், அறையில் ஒரு பாயையும் விரிசல் விட்ட தரையையும்தான் கண்டாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போனது.

"பாதிய எனக்கு எளுதுங்க" என்றாள்.

அவன் மறுத்தான். "லாபம் இல்லாத ஆளுக்குப் பங்கு போட முடியாதுட்டி. ஒனக்கு இதுல என்ன லாபம்?"

"ஒங்க பக்கத்துல இருக்கேம்லா."

மிச்சத்துக்கு ஏற்ற பங்கு என்ற கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தான். தான் வகுத்த முறையில் அந்தப் பதிலைத் தள்ள இடமில்லை. சாயங்காலம் இருவரும் ஒருவர்பின் ஒருவராக மேடையில் ஏறினார்கள். அவன் முந்நூற்று முப்பத்தைந்து, அவள் முந்நூற்று இருபத்தெட்டு. ஷாரோன் இரண்டு எண்களையும் சத்தமாகப் படித்தாள்.

சாத்தான்குளத்துக்கு அவர்கள் பிறகு போகவில்லை. முந்நூறும் பஸ்ஸுக்கு அதிகம்தான். டீக்கடைக் கலைமணி அவர்கள் உட்காரப் பெஞ்சை எடுத்துவிட்டு ஒரு கருங்கல் பலகையைப் போட்டுவைத்தான். காலை ஷிப்டுக்குப் போகும் புதுப் பையன்கள் யாராவது உட்கார வந்தால், "அது அவங்க எடம்பா" என்பான். பையன்கள் ஏன் என்று கேட்பதில்லை. தள்ளி நின்று டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறுவார்கள்.