ரோஜாப் படத்தில் வந்த தண்ணீர் அறிவிப்பு

தொட்டி கழுவுகிறவர் சிக்கனமாகப் பேசுவார். எழுதுவது அதைவிடச் சிக்கனம். போன தடவை அந்த நாற்பது வீட்டுக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்ட அறிவிப்பை நான்கு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர், "யார் நீங்கள்?" என்று கேட்டார். அதனால் இந்தத் தடவை குடியிருப்புச் செயலாளரிடமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

செயலாளர் நல்ல மனிதர். தினமும் விடிந்ததும் ஒரு ரோஜாப் படத்தில் பொன்மொழி போட்டு நாற்பது வீட்டையும் எழுப்புகிறவர்.

"வெறும் எழுத்த யாருய்யா படிக்கிறா? நான் அழகாப் போட்டுத் தர்றேன்" என்றார்.

அழகாகத்தான் போட்டார். ரோஜாவுக்குப் பின்னால் சூரியன் உதித்தது. தலைப்பும் நேரமும் மஞ்சள் எழுத்தில் அந்தச் சூரியன்மேல் விழுந்து காணாமல் போயின. கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

"அழுக்கு அடியில் தங்கும். மேலே தெளிவாக இருப்பதை நம்ப வேண்டாம். இப்போது வருவது நல்லதல்ல. பொறுத்திருங்கள், நல்லது வரும். – தொட்டிக்காரர்."

அன்று காலை மூன்றாம் மாடித் தையல்கார அக்காவின் துணிக்கட்டை லிஃப்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்தவரும் தொட்டிக்காரர்தான். ஆஸ்பத்திரி நர்ஸுகள் பன்னிரண்டு பேருக்குச் சீருடை. கடையில் அந்த நீலத்தில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான்.

"வெட்டுறதுக்கு முன்னாடி ஒருவாட்டி நனைச்சு எடுக்கணும். இல்லேன்னா தைச்ச பிறகு சுருங்கி, நோயாளிக்கு முன்னாடி நர்ஸுக்கு மூச்சு முட்டும்" என்றார் அக்கா.

"குரூப்பப் பாத்துட்டு நனைங்கக்கா. எல்லாம் போட்டிருக்கு."

வாயால் இன்னும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவசரத்தில் மேலே போய்விட்டார்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்த தண்ணீரைக் குழாய்களுக்குள் இறக்கினார். பகல் ஒரு மணிவரை அது உள்ளேயே நிற்க வேண்டும். சாயத்துணி பட்டால் வெளுத்துவிடும். கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். முப்பத்தொரு கும்பிடு வந்திருந்தது.

"பட்டவனுக்குத்தான் இந்த வரிகளின் ஆழம் தெரியும்" என்று எழுதியிருந்தார் இரண்டாம் மாடிக் கணக்கு வாத்தியார். "சிலருக்குப் புரிந்தால் சரி" என்றார் முதல் மாடி மாமியார். "எல்லாருக்கும் பொருந்தும் அத்தை" என்று அதே வீட்டிலிருந்து மருமகள் பதில் போட்டிருந்தாள். "தொட்டிக்காரர் எந்தக் காலத்துச் சித்தர்?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பொய் சொல்வானேன், தொட்டிக்காரருக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. இருபது வருஷத்தில் அவர் எழுத்தை யாரும் கும்பிட்டதில்லை. இன்னொரு தடவை படித்தார். நன்றாகத்தான் இருந்தது.

அப்போது கடைசியாக வந்தது தையல்கார அக்காவின் வரி: "படித்ததும் மனசு லேசாகிவிட்டது. வேலையை ஆரம்பிக்கிறேன்."

குளிர்ந்தது அப்படியே உறைந்தது. அக்காவைக் கூப்பிட்டார், லைன் பிஸி. "யாரும் தண்ணீரைத் தொடாதீர்கள்" என்று குரூப்பில் தட்டினார்.

"தாகத்தை வென்ற நிலை" என்று உடனே பதில் போட்டார் வாத்தியார்.

ரப்பர் பூட்ஸோடு படிகளில் இறங்கி ஓடினார். கதவைத் திறந்த அக்கா ஒரு கையில் போனும் மறு கையில் துணியுமாக நின்றார்.

"அட, நீங்களா எழுதினது?"

"அக்கா, குழாயத் திறந்தீங்களா?"

"வாளி ரொம்பிடுச்சு. போடப் போனேன், போன் வந்துடுச்சு."

தொட்டிக்காரர் துணியின் ஓரத்தில் விரலளவுத் துண்டு ஒன்றைக் கிழித்து வாளிக்குள் போட்டார். சற்று நேரத்தில் அதன் நீலம் திட்டுத்திட்டாக வெளுத்தது. அக்கா துணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மத்த வீட்டுக்கெல்லாம் யாரு சொல்றது?" என்றார் அடுத்த மூச்சில்.

துணியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, தையல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பினார். கதவுக்குக் கதவு எழுதினார்: 'குழாயைத் திறக்காதே. மருந்துத் தண்ணி.' கோணல்மாணலான எழுத்து. தொட்டிக்காரர் பின்னாலேயே போய்க் கதவுகளைத் தட்டினார்.

"யாரு இது, மட்டுமரியாதை இல்லாம எழுதினது?" என்று திட்டிக்கொண்டே நாற்பது வீட்டிலும் குழாயை மூடினார்கள்.

ஒரு மணிக்கு மேல் பழைய தண்ணீரையெல்லாம் ஓடவிட்டு, மூன்று தடவை முகர்ந்து பார்த்து, "இப்போ நனைங்கக்கா" என்றார் தொட்டிக்காரர். துணி முங்கியது; நீலம் நீலமாகவே கிடந்தது.

"ஒண்ணு கேக்கணும். அழுக்கு அடியில தங்கும்னு எழுதினீங்களே, அது நெஜமாவே தொட்டியப் பத்தித்தானா?"

"தொட்டியப் பத்தித்தாங்க்கா."

"அப்படியா" என்று அக்கா துணியை அமுக்கினார். "நான் அத என் தங்கச்சிக்கு அனுப்பிட்டேன். ரெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. காலையில கூப்பிட்டது அவதான்."

கடவுள் யார் கையெழுத்தில் வேண்டுமானாலும் எழுதுவார். தொட்டிக்காரர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிய ஆரம்பித்தார்.