ஆறு வீட்டு எர்த்

மில்லர்புரத்தில் கிளாடிஸ் டீச்சருக்குச் சொந்தமான பின்வீட்டில் சரண்யாதேவி குடியிருந்தாள். வாஷிங் மெஷினைத் தொட்டால் கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை காலையில் ஈரக்கையோடு துணி எடுக்கப் போனவளை மெஷின் தூக்கி எறிந்தது. சுவரில் மோதியதில் முழங்கை எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் டீச்சர் லிங்கராஜுக்குப் போன் செய்தார்.

லிங்கராஜ் முத்தையாபுரத்துக்காரர். இருபது வருடமாக வயரிங் வேலை. எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பின்வீட்டுக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்ததும் அவரேதான். மெஷினைக் கழற்றிப் பார்த்தார். மோட்டாருக்குப் போகும் வயர் தேய்ந்து தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் எர்த் ஒழுங்காக இருந்தால் பியூஸ்தான் போயிருக்கும், ஆளை அடித்திருக்காது. பிளக் பாயிண்டில் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தார். எர்த்தில் வைத்தபோது பல்பு எரியவில்லை; எர்த் அறுந்திருந்தது.

சுவரோரம் மண்ணைத் தோண்டினார். டீச்சர் இருந்த முன்வீட்டிலிருந்து தரைக்கடியில் வந்தது ஆர்மர்ட் கேபிள். உள்ளே இரண்டு வயர், அவற்றைச் சுற்றி இரும்புக் கம்பிகள், அதற்கு மேல் கறுப்பு உறை. எர்த்துக்கென்று தனி வயர் போடாமல் அந்த இரும்புக் கம்பிகளையே எர்த்தாக முடுக்கிவிட்டிருந்தார். அன்றைக்கு அது போதும் என்று நினைத்தார். அரை நாள் வேலை மிச்சம் என்றும் நினைத்தார். இந்த ஊர் உப்புக்காற்றில் எட்டு வருடம் என்பது அதிகம். பின்வீட்டு மெயின் பெட்டிக்குள் கேபிள் நுழைகிற இடத்தில் கம்பிகள் துருவாகிக் கையோடு உதிர்ந்து வந்தன.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். மெஷின் சரண்யாதேவி பழையதாக வாங்கியது என்றும், தான் அப்போதே வேண்டாமென்று சொன்னதாகவும் சொன்னார். ஜன்னலுக்குள் சரண்யாதேவி கட்டுப் போட்ட கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. மெஷினில் கோளாறு இருந்தது பொய்யில்லை. அதைச் சரிசெய்துவிட்டு, சத்தமில்லாமல் ஒரு எர்த் வயரையும் இழுத்துவிட்டுப் போய்விடலாம். லிங்கராஜ் கையிலிருந்த துருவை டீச்சரிடம் நீட்டினார்.

“மெஷின்ல கோளாறு இருக்கு டீச்சர். ஆனா இந்தப் பிள்ளைக்கு அடிபட்டது என்னாலதான். எர்த்துக்குத் தனி வயர் போடாம விட்டுட்டேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் துருவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்படி வேற எத்தன வீட்டுல போட்டிருக்க?”

லிங்கராஜ் அதுவரை அதை நினைக்கவே இல்லை. யோசித்துவிட்டு, இன்னும் ஆறு என்றார்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் புதுக் கேபிளும், அதோடு தனியாக ஒரு செம்பு எர்த் வயரும் போட்டு முடித்தார். கரண்ட் கசிந்தால் உடனே அணைந்துவிடுகிற டிரிப்பர் ஒன்றையும் மாட்டினார். கிளம்புமுன் சரண்யாதேவியிடம் மன்னிப்புக் கேட்டார்.

“மூணு வாரமா சொல்லுதேன் அண்ணே. ஒருத்தரும் காதுல வாங்கல” என்றாள். டீச்சர் உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லிங்கராஜ் அந்த ஆறு வீடுகளுக்கும் போனார். இரண்டு வீட்டில் ஏற்கெனவே வேறு ஆளை வைத்து வயரை மாற்றியிருந்தார்கள். ஒரு வீட்டில் தெருவே கேட்கும்படி ஏசினார்கள். அந்தத் தெருவில் இனி அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை. இரண்டு வீட்டில் ஏசாமல் வேலை செய்யவிட்டார்கள்.

கடைசி வீடு தருவைகுளத்தில். வீட்டுக்காரர் ஜாய்சன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கேபிள் போனது குளிக்கிற தொட்டியை ஒட்டியிருந்த தண்ணீர் மோட்டாருக்கு. அங்கேயும் எர்த்தில் பல்பு எரியவில்லை. லிங்கராஜ் விஷயத்தைச் சொன்னார்.

“பிள்ளைகள்லாம் இங்கனதான குளிக்கி” என்றார் ஜாய்சன்.

“ஆமா.”

ஜாய்சன் எழுந்து போய் மெயினை அணைத்தார். மண்வெட்டியை எடுத்து வந்து, அவரைப் பார்க்காமலே, கேபிள் போன சுவரோரம் வெட்டத் தொடங்கினார்.