மேசைக்கடியில் இருந்த பெட்டி

வட்டவடைக்குப் போகிற வழியில் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் ராமுத்தாய் ஆயா வேலை பார்த்தாள். துரையின் மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் அவள்தான். பாப்பாவுக்கு இப்போது ஆறு வயது. தை பிறந்ததும் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பப் போகிறார்கள்.

மார்கழியில் சீமையிலிருந்து ஒரு படம் வந்தது. பாப்பாவின் அம்மா துரைசாணி அதை ஹாலில் மாட்டச் செய்தாள். ஒரு வீட்டின் உள்ளறை. சன்னலோரம் ஒரு பெண் குனிந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். கதவைப் பிடித்தபடி ஒரு சிறுமி வெளியே பார்த்து நிற்கிறாள்.

துரைசாணி படத்தைக் காட்டி ஆயாவிடம் என்னவோ கேட்டாள். இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்கிறவர் பட்லர் சுவக்கீன்.

“படம் எப்படியிருக்குன்னு கேக்காங்க. பிள்ள அப்பன் வரவுக்குக் காத்து நிக்குதாம்.”

ராமுத்தாய் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இல்லண்ணே. அப்பன் வரதப் பாக்கதுக்கு எதுக்கு கோட்டும் சப்பாத்தும்? அந்தா மேசைக்கடியில பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருக்கு. பிள்ளைய எங்கயோ அனுப்புதாக. ஆத்தாக்காரிக்கு நிமிந்து பாக்க முடியல. கையில கத்தி இருக்கு, கிழங்கு இருக்கு. சீவின தோலு ஒண்ணாவது கிடக்கா பாருங்க.”

சுவக்கீன் துரைசாணி பக்கம் திரும்பி இரண்டே வார்த்தை சொன்னார். அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

“என்னண்ணே சொன்னீக?”

“படம் நல்லாருக்குன்னேன்.”

“நான் அதையா சொன்னேன்?”

“எஞ் சோத்துல மண்ணள்ளிப் போடாத, தாயி. போ.”

பாப்பாவுக்குத் தமிழும் தெரியும், இங்கிலீசும் தெரியும். ஆனால் இதைப் போய் அந்தப் பிள்ளையைக் கொண்டா சொல்லச் சொல்வது? ராமுத்தாய் விறுவிறுவென்று உள்ளே போனாள். பாப்பாவுக்கென்று வாங்கியிருந்த தகரப் பெட்டியைத் தூக்கி வந்து படத்துக்குக் கீழே வைத்தாள். இந்தப் பெட்டியைத் தொட்டாள். படத்துப் பெட்டியைக் காட்டினாள்.

துரைசாணியின் சிரிப்பு நின்றுவிட்டது. படத்துக்குக் கிட்டே போய் மேசைக்கடியில் பார்த்தாள். பிறகு ஏதோ நிறையப் பேசினாள். நடுவில் குரல் உடைந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“என்ன சொன்னாக?”

“வேலையப் பாக்கச் சொன்னாங்க.”

“அம்புட்டு நேரமா?” ராமுத்தாய் சமையலறை வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

சுவக்கீன் குரலைத் தாழ்த்தினார். “‘என்னையும் ஆறு வயசுல இப்படித்தான் அனுப்பினாங்க. எனக்கு ஒண்ணும் ஆகலியே’ன்னு சொன்னாங்க.”

“ஒண்ணும் ஆகாதவுக எதுக்கு அழுதாக? போய்க் கேளுங்கண்ணே.”

“கப்பலுக்குச் சீட்டு எடுத்தாச்சு, ராமுத்தாய்.”

அவர் கேட்கவில்லை. நேரே கேட்க அவளிடம் இங்கிலீசு இல்லை.

மறுநாள் துரைசாணி, பாப்பாவின் உடுப்புகளையும் காலுறைகளையும் ராமுத்தாய் முன் குவித்தாள். பாப்பாவின் பெயர் அச்சடித்த சின்னச் சின்னத் துணித்துண்டுகளை ஒவ்வொன்றிலும் தைக்க வேண்டும். துரைசாணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ராமுத்தாய் பதினொரு காலுறை தைத்து முடித்தபோது அந்தப் பக்கம் வந்த சுவக்கீன் எட்டிப் பார்த்தார்.

“இங்கிலீசு எழுத்தெல்லாம் தலகீழா நிக்குது.”

அவள் நூலைப் பல்லால் கடித்து இழுத்துப் பதினொன்றையும் பிரிக்கத் தொடங்கினாள்.