அங்கிள் உங்களுக்கு என்ன முறை?

எங்கள் ஊரில் அங்கிள்களால் கதவு வழியாக நுழைய முடியாது. மாமா நுழையலாம், சித்தப்பா நுழையலாம், பெரியப்பா செருப்போடுகூட நுழையலாம். அங்கிள் என்பது பொதுவகை. பொதுவகை வெறுமனே வந்து நிற்கக் கூடாது என்று ஸ்கீமாவில், அதாவது ஊரின் முறைப் பட்டியலில், இருக்கிறது.

ஸ்கீமாவை எழுதியவர் நகராட்சியில் வேலை பார்க்கும் பூங்கோதை அக்கா. ஊரின் எல்லாக் கதவுகளும் ஏபிஐ என்கிற ஒரே கம்ப்யூட்டர் இணைப்பில் சேர்ந்தவை. ஆள் வந்து நின்றால் கதவு ஏபிஐயைக் கேட்கும். ஏபிஐ ஸ்கீமாவைப் பார்த்து, வந்தவர் இன்ன வகை என்று சொல்லும். கதவு திறக்கும்.

"முறுக்கு அச்சு மாதிரிடே," என்று அக்கா ஒருநாள் விளக்கினார். "அங்கிள்ங்கது அச்சு. மாமா, சித்தப்பா எல்லாம் அதுல புழிஞ்ச முறுக்கு. முறுக்கத் திங்கலாம். அச்சத் திம்பியா?"

எங்கள் வீட்டில் ஓர் அச்சு இருந்தது. பெயர் ஞானதிரவியம். ஜன்னல் வழியாக வருவார். ஜன்னல்கள் ஸ்கீமாவில் இல்லை. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா பஹ்ரைன் போனார், திரும்பவில்லை. நாலாம் வகுப்பில் அம்மா தன் அறை ஜன்னல் கம்பியில் இரண்டைக் கழற்றி வைத்தாள்.

பொதுவகையிடம் பொதுவான கேள்விகளைத்தான் கேட்க முடியும். எல்லா அங்கிள்களுக்கும் பொதுவாக இருப்பவை பெயர், போன் நம்பர், "தம்பி நல்லா வளந்துட்டானே" என்கிற வாக்கியம். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால் ஞானதிரவியம் அங்கிள் சும்மா இருப்பார். சர்க்கரை மாமாக்களிடம் கேட்க வேண்டியது. அதனால் சாயங்காலங்களில் அம்மா, "உங்க பேரு என்ன?" என்று கேட்பாள். "ஞானதிரவியம்," என்பார். அதற்கே இரண்டு பேரும் வெகுநேரம் சிரிப்பார்கள்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை ஆபரேஷன். ஏசி வார்டு என்பதால் ஜன்னல் கிடையாது.

"உள்ள கொண்டு போறதுக்கு முந்தி அவுகள ஒருதடவ பாக்கணும்டா," என்றாள் அம்மா. "பேரு மட்டும் கேட்டுக்கிடுதேன்."

கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் இருந்த பெரியம்மா, "முறைகெட்ட ஆளுக்குப் பேரு ஒண்ணுதான் கேடு," என்றாள். பெரியம்மாவின் குரல் எனக்கு நன்றாக வரும். மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டால் போதும்.

அங்கிளை வார்டு வாசலுக்குக் கூட்டி வந்தேன். வார்டுக் கதவுக்கு, பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி அறிவிக்கும் பெண்ணின் குரல். அதுவும் எனக்கு வரும்.

"வந்திருப்பவர் உங்களுக்கு என்ன முறை?" என்றது கதவு.

நான் சித்தப்பாவைப் போல் தொண்டையைச் செருமி, "என்னம்மா, எங்கள எல்லாம் தெரியலையோ?" என்றேன்.

"சித்தப்பா, உள்ளே வரலாம்," என்றது. திறந்தது. அங்கிள் காலை எடுத்து வைத்ததும் அவர் மூக்குக்கு நேராக மூடிக்கொண்டது. குரல் முறுக்கு, ஆள் அச்சு. தாத்தாவாகவும் பெரியப்பாவாகவும் பேசிப் பார்த்தேன். அப்பா குரல் மட்டும் எனக்கு வராது. கேட்டு எத்தனை வருஷம்!

அங்கிளை வாசலில் நிறுத்திவிட்டுப் பூங்கோதை அக்காவிடம் போனேன்.

"அப்பான்னு போட்டுருங்கக்கா."

"அந்த இடம் ஒருத்தருக்குத்தான்டே. உங்கப்பா இருக்காரே."

"அவருதான் போயிட்டாரே?"

"ஆளுதான போச்சு? வகை போகலையே. இப்ப வந்து நின்னாலும் எல்லாக் கதவும் தொறக்கும்."

"புதுசா ஒரு முறை போடுங்க."

"பேரு சொல்லு, போடுதேன். அம்மாவுக்கு வேண்டியவரு, ஆனா தாலி கட்டாதவரு, வேற சாதிக்காரரு. இதுக்குத் தமிழ்ல ஒரு நல்ல சொல்லு சொல்லுடே பாப்போம்."

நான் யோசித்தேன். தெரிந்த சொற்கள் எல்லாம் பெரியம்மாவின் குரலில்தான் வந்தன.

"தாய்மாமன் இடம் காலியா இருக்கு," என்றார் அக்கா. "உங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த ஆம்பள கிடையாதுல்லா? அதுல போட்டா இப்பவே தொறந்துரும். ஒருதடவ போட்டா மாத்த முடியாது. அவருட்ட கேட்டுக்க."

போன் நம்பர் பொதுவானது என்பதால் அங்கிளைப் போனில் பிடிக்க முடிந்தது. சொன்னேன். அங்கிள்களிடம் சம்மதம் கிடையாது, மறுப்பும் கிடையாது. "தம்பி நல்லா வளந்துட்டானே," என்றார்.

அக்கா பொத்தானைத் தட்டினார்.

நான் ஓடி வருவதற்குள் மாமா உள்ளே இருந்தார். நெற்றியில் திருநீறு வந்திருந்தது. பெரியம்மா எழுந்து, "வாடே தம்பி, உக்காரு," என்று ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றாள். மாமாவுக்குப் பேச்சு வந்திருந்தது. வழியில் ஆட்டோக்காரனோடு சண்டை என்றார். காபியில் சர்க்கரை கம்மி என்றார். டாக்டர் நம்ம ஆளுதானா என்று விசாரித்தார்.

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு மெதுவாக, "உங்க பேரு என்ன?" என்றாள்.

"என்ன தங்கச்சி இது?" என்றார் மாமா. "அண்ணன் பேருமா மறந்துபோச்சு?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "இல்லண்ணே," என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த அன்று மாமா முன்வாசல் வழியாக எங்களை உள்ளே அழைத்துப்போய், ஈசிசேரில் உட்கார்ந்து பேப்பர் கேட்டார்.

சாயங்காலம் வாசல் மணி அடித்தது. அத்தை வந்திருப்பதாகக் கதவு சொன்னது. தாய்மாமன் என்றால் அத்தை கட்டாயம் இருந்தாக வேண்டும் என்பதால் ஸ்கீமா அனுப்பியிருந்தது. நாங்கள் யாரும் முன்பு பார்த்திராத பெண். நல்ல களையான முகம், கையில் தகரப் பெட்டி.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வா செம்பகம், பஸ்ல கூட்டமா?" என்றார்.

"கூட்டமா கூட்டம். மாத்திரை போட்டீயளா இல்லையா?"

"போட்டாச்சுட்டீ."

அம்மா எழுந்தாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "வாங்க மதினி," என்று மறுகையால் பெட்டியை வாங்கிக் கொண்டுபோய்த் தன் அறையில் வைத்தாள்.